மலையை முந்திய அடுப்பு

சரியாக மாலை ஐந்து மணி நாற்பத்தெட்டு நிமிடத்துக்கு எங்கள் மொட்டை மாடியில் தீ எழுந்தது.

நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, லைன் கிடைக்காமல், மறுபடி போட்டு, செல்போன் திரையையே வெறித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்த நேரத்தில்தான் பின்தெருவிலிருந்து குரல் வந்தது.

"அண்ணாமலையாருக்கு அரோகரா!"

அன்றைக்குக் கார்த்திகை தீபம். மலையில் தீபம் ஏறுவது ஆறு மணிக்கு. அது ஏறும்வரை எங்கள் பக்கத்தில் யாரும் வீட்டு விளக்கை ஏற்ற மாட்டார்கள். அகலில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, வாசலிலும் மாடியிலும் வரிசையாக வைத்துவிட்டு, தீப்பெட்டியும் கையுமாக மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உச்சியில் ஒரு பொட்டு தெரிந்ததும் யாராவது ஒருவர் அரோகரா சொல்வார். அது தெருவுக்குத் தெரு தாவும். நெருப்பும் கூடவே தாவும்.

அன்றும் அப்படியே தாவியது. பின்தெரு, பக்கத்துத் தெரு, அதற்கடுத்த தெரு. சங்கு ஊதினார்கள். பட்டாசு வெடித்தது. அடி அண்ணாமலையில் பாதி ஊர் இரண்டு நிமிடத்தில் விளக்கேற்றி முடித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டுவிட்டது.

மலையில் தீபம் ஏறவில்லை. ஏறியிருந்தது எங்கள் அடுப்பு.

குன்னூரிலிருந்து வந்த குளிர்

மாடி கட்டிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அந்த மாடி எழும்பியதால் பின்தெருக்காரர்களுக்கு மலை மறைந்துபோனதையும் சொல்லியிருந்தேன். இன்றைய சங்கதிக்கு அது முக்கியம். அவர்களுக்கு மலையுச்சி தெரிய வேண்டுமானால் எங்கள் மொட்டை மாடிக்கு மேலே எட்டிப் பார்த்தாக வேண்டும்.

அந்த மாடியில்தான் என் மகள் சரண்யா பிரசவம் முடிந்து வந்து தங்கியிருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பேத்தி மாதம் நிறைவதற்கு ரொம்ப முன்பே பிறந்துவிட்டாள். ஒரு அணில் அளவுதான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நான் வெளியே நின்று அவள் நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஏறி, இறங்க ஒரு நொடி தாமதமானால் என் மூச்சு நின்றுவிடும். இப்போது அவள் ஓடுகிறாள், கடிக்கிறாள், என் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை உடைத்துவிட்டாள். ஆனாலும் அவள் தூங்கும்போது என் விரல் தன்னால் அவள் மூக்குக்குக் கீழே போய் நிற்கிறது.

டிஸ்சார்ஜ் செய்தபோது டாக்டர் சொன்னது ஒன்றுதான்: குழந்தையைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். குல்லா, சாக்ஸ், தாயின் நெஞ்சோடு அணைப்பு. அவ்வளவே. அந்த ஒரு வார்த்தையை இரண்டு குடும்பங்கள் எடுத்துக்கொண்டு போய் என்னென்ன செய்யும் என்பது அவருக்குத் தெரியாது.

சம்பந்தியம்மா லலிதா குன்னூர்க்காரர். வீடியோ காலில் எப்போதும் சால்வையோடுதான் இருப்பார். அவருக்குப் பின்னால் சுவரில் கட்டிய கணப்பு எரிந்துகொண்டிருக்கும். முதல் மாதம் முழுக்க அந்த நெருப்பை நான் அழகு என்றுதான் நினைத்தேன்.

"எங்க வீட்ல கணப்பு இருக்கு சம்பந்தி. உங்க வீட்ல என்ன இருக்கு?" என்றார் ஒருநாள்.

"வெயில் இருக்கு," என்றேன்.

"அது பகல்ல. ராத்திரிக்கு?"

சித்திரையில் பாறை சூடேறி, விடிய விடிய அனல் கக்கும் ஊர் இது. இங்கே வந்து குளிர் என்று சொன்னால் மாடு கூடச் சிரிக்கும். ஆனால் அந்தக் கார்த்திகையில் விடாத தூறல். மலைக்காற்று புது மாடிக்குள் நேராக வந்து அடித்தது. குழந்தையின் பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் என் கைதான் சில்லிட்டுப் போயிருந்ததோ என்னவோ.

அவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான்: குளிர் ஊரில் வீடுகள் கதகதப்பாக இருக்கும், வெயில் ஊரில் வீடுகள் ஜில்லென்று இருக்கும், ஆகவே மூன்றாம் மாதத்திலேயே தாயையும் பிள்ளையையும் குன்னூருக்கு அழைத்துப் போகிறேன். யோசித்தால் நியாயம் மாதிரியும் இருக்கிறது, பைத்தியக்காரத்தனம் மாதிரியும் இருக்கிறது. தீபத்தன்று வருவதாகவும், அறையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொல்லிவிட்டார்.

எனக்கு இரவெல்லாம் அந்தக் குன்னூர் மலைப்பாதை வளைவுகள்தான் கண்ணில். ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சின்ன நெஞ்சு ஏறுகிறதா, இறங்குகிறதா என்று யார் பார்ப்பார்கள்? ஐந்து மாதம் முடியும்வரையாவது அவள் என் கண்ணெதிரில் இருக்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

சரண்யாவைக் கேட்டால், "யார் வீட்ல சூடு ஜாஸ்தியோ அங்க இருந்துக்கறேன், ஆள விடுங்கம்மா," என்றாள்.

சட்டி போய் அடுப்பு வந்தது

என் கணவர் நில அளவைத் துறையில் இருக்கிறார். வேங்கிக்காலில் ஆபீஸ். எதையும் அளந்து பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். முதலில் அவர் ஒரு இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு மூட்டி, அறை நடுவில் கொண்டுவந்து வைத்தார். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மூடிய அறைக்குள் கரி எரிந்தால் என்ன வாயு வரும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள். சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வாசலில் கவிழ்த்தேன். கோலம் கருகியது.

கரண்ட் ஹீட்டர் வாங்கலாம்தான். ஆனால் மழை நாளில் எங்கள் பக்கம் கரண்ட் இருப்பதைவிட இல்லாத நேரம் அதிகம்.

ஆகவே சட்டியைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்று முடிவு செய்தோம். கதவு உள்ள இரும்பு அடுப்பு, விறகு, புகை வெளியே போகக் குழாய். இதற்கு எங்கள் ஊரில் யாரிடம் போவது? கணவருக்கு உடனே நினைவு வந்தது கிரில் பட்டறை ஏழுமலை. எங்கள் மாடிக் கைப்பிடி, கேட் எல்லாம் அவர் வேலை. எந்தக் கேட்டைக் கொடுத்தாலும் நடுவில் ஒரு சூலத்தை வைத்து வெல்டிங் அடித்துவிடுவார்.

ஏழுமலை கொஞ்சம் கூடத் தயங்கவில்லை.

"இன்னா டீச்சர், செங்கம் ரோட்ல ஃபாரினருக்கே செஞ்சு குடுத்திருக்கேன். அவங்க ஊர்ல ஐஸ் கொட்டும். அவங்களே நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் என் அறிவியல் மொத்தமும் அடங்கிப்போனது. ஐஸ் கொட்டும் ஊர்க்காரர்கள் நல்லா இருக்கிறது என்று சொன்ன பிறகு நான் என்ன கேள்வி கேட்பது? அவர் செய்து கொடுத்தது ஆசிரமம் பக்கத்து ஒரு கடைக்கு பீட்சா அடுப்பு என்பது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

தீபத்துக்கு முதல் நாள் மாடி முன்னறையில் அடுப்பு வந்து இறங்கியது. பீரோவில் பாதி உயரம். வெள்ளி பெயிண்ட். கதவில் கம்பி வலை, வலைக்கு நடுவில் சூலம், சூலத்துக்கு மேலே ஓம். உள்ளே நெருப்பு எரிந்தால் ஓம் ஜொலிக்கும் என்று ஏழுமலை செய்து காட்டினார். குழாய் அறைக்கூரையைத் துளைத்து மொட்டை மாடிக்கு மேலே நின்றது. அதன் உச்சியில் வாயகன்ற பாத்திரம் மாதிரி ஒன்று.

இது எதற்கு என்று கேட்டேன்.

"மொட்டையா உட்டா நல்லாருக்காது டீச்சர். அதான் கொப்பரை மாதிரி வச்சேன். ஊருக்கு ஏத்த மாதிரி இருக்கணும்ல?"

மலையில் தீபம் ஏற்றுவதும் கொப்பரையில்தான். அந்த நேரத்தில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அழகாக இருக்கிறது என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அடுப்பு விளக்காகுமா

சம்பந்தியம்மா ஆறு மணிக்குள் வந்துவிடுவார் என்பது ஏற்பாடு. அவர் படியேறும்போது அறை கதகதப்பாக இருக்க வேண்டும். அப்படியானால் ஐந்தரைக்கே பற்ற வைத்தாக வேண்டும். ஆனால் மலையில் தீபம் ஏறுவதற்கு முன்னால் வீட்டில் நெருப்பு வைக்கலாமா?

நானும் கணவரும் இதைப் பற்றி நிஜமாகவே விவாதம் செய்தோம். மத்தியானம் கேஸ் அடுப்பில் சாம்பார் வைத்தோம், அதை யாரும் கேட்கவில்லை. அடுப்பு வேறு, விளக்கு வேறு. விளக்கு சாமிக்கு, அடுப்பு சம்பந்திக்கு. இப்படி ஒரு முடிவுக்கு வந்து, மனத்திருப்தியோடு பற்ற வைத்தோம்.

புளிய விறகு தூறலில் நனைந்திருந்தது. புகைந்ததே தவிர எரியவில்லை. மணி ஆகிறது. சம்பந்தியம்மாவுக்கு லைன் கிடைக்கவில்லை. தீபத்தன்று பஸ்ஸை எல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து கூட்டத்தோடு நடந்துதான் வர வேண்டும். கரண்டும் போய்விட்டது. கணவர் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்கட்டில் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த கொட்டாங்குச்சி மூட்டையைத் தூக்கி வந்தார். ஒன்றிரண்டு போட்டார். பிடித்துக்கொண்டது. உற்சாகம் வந்துவிட்டது. மூட்டையைக் கவிழ்த்தார்.

அடுப்பு ஒரு சத்தம் போட்டது. பஸ் ஸ்டார்ட் ஆவது போல. நான் அப்போது வெளிப்படிக்கட்டில் போனோடு நின்றிருந்தேன். அண்ணாந்து பார்த்தால், குழாய்க்கு மேலே, அந்தக் கொப்பரைக்குள், ஆள் உயரத்துக்கு நெருப்பு.

மலையை மேகம் மூடியிருந்தது. பின்தெருவில் இருப்பவர்களுக்கு உச்சி தெரியும் அதே இடத்தில், எங்கள் மாடிக்கு நேர் மேலே, பனிமூட்டத்துக்குள் ஒரு கொப்பரையில் தீ. டி.வி.யைப் பார்த்துச் சரி செய்துகொள்ளக் கரண்ட் இல்லை. யாரைக் குற்றம் சொல்ல முடியும்? நானாக இருந்தாலும் அரோகரா போட்டிருப்பேன்.

இரண்டாவது அரோகரா

பன்னிரண்டு நிமிடம் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆறு மணிக்குக் கோயில் பக்கமிருந்து வேட்டுச் சத்தம் கேட்டது. மேகம் ஒரு ஓரம் விலகியது. உச்சியில் நிஜமான தீபம், சின்னதாக, கோபமே இல்லாமல், தெரிந்தது.

ஊரில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. ஆயிரம் விளக்கு எரிய, ஒருவர் வாய் திறக்கவில்லை. பிறகு யாரோ ஒருவர் சன்னமாக, சந்தேகத்தோடு, மறுபடி அரோகரா சொன்னார்.

முதலில் வந்தவர் பின்வீட்டுப் பச்சையம்மா. மாடி எழும்பியதிலிருந்து என்னோடு பேசாதவர். கையில் விளக்குத் தட்டு.

"மலைய மறைச்சீங்க, பொறுத்துக்கிட்டோம். இப்ப தீபத்தையும் நீங்களே ஏத்திட்டீங்களா டீச்சர்?"

அடுப்பு என்று சொன்னேன். குழந்தைக்குக் குளிருக்காக என்று சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். திருவண்ணாமலையில் ஒரு படித்த பொம்பளை குளிருக்கு அடுப்பு வாங்கினாள் என்பதை நம்புவதைவிட, நான் வேண்டுமென்றே சாமியோடு போட்டிக்கு நின்றேன் என்பதை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

பிரச்சினை வேறு. ஏற்றிய விளக்கை அணைக்கக் கூடாது. மலைத் தீபத்துக்கு முன்னால் ஏற்றியதை அப்படியே விடவும் கூடாது. தெருவே கூடி நின்று பேசியது. கடைசியில் பச்சையம்மாதான் தீர்ப்புச் சொன்னார்: இன்னொரு வரிசை ஏற்றிவிடுவது. "மொத வரிசை டீச்சர் வீட்டுக்கு. ரெண்டாவது வரிசை சாமிக்கு." முனைக் கடையில் எண்ணெய் தீர்ந்துபோனது.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் கிரிவலப் பாதை. அன்றைக்கு அதில் போகிற ஜனத்துக்கு அளவே கிடையாது. ஒரு மாடியில் கொப்பரையில் புகை, தெருவில் இரட்டை வரிசை விளக்கு, வாசலில் கூட்டம். நாலு பேர் என்ன என்று பார்க்கத் திரும்பினார்கள். நாலு பேர் திரும்பியதால் நாற்பது பேர் திரும்பினார்கள். தீபத்தன்று கதவைச் சாத்தும் வழக்கம் இல்லை. வெளிப்படிக்கட்டு வழியாக நேரே மாடிக்கு ஏறிவிட்டார்கள்.

வெளிக் கிருமி எதுவும் படாமல் காத்து வந்த குழந்தை. சரண்யாவை உள்ளறைக்குப் போகச் சொல்லிக் கதவை ஒருக்களித்துவிட்டு, ஓடிப் போய் முன்னறை வாசல்படியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் உள்ளே வரக் கூடாது என்றேன்.

அது ரொம்பத் தப்பாகப் போய்விட்டது. ஒரு அம்மா கை விரித்து மறிக்கிற வாசல், அதற்குள்ளே இருட்டில் ஜொலிக்கிற ஓம், சூலம். யாரும் உள்ளே வர முயலவில்லை. மரியாதையாக வரிசை கட்டினார்கள். என் காலடியில் கற்பூரம் ஏற்றினார்கள்.

அடுப்புக்குப் பக்கத்தில் என் கணவர். சட்டை இல்லை. நெற்றியில் பட்டை விபூதி, மார்பெல்லாம் கரி, உடம்பில் வியர்வை ஆறாக ஓடுகிறது. அவரைப் பார்த்து ஒரு வயதான ஆந்திராக்காரர் அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கணவர் பதறிப்போய் அவரைத் தூக்கினார்.

"ஐயா, இது அடுப்புங்க. வெறும் அடுப்பு."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் தன் மனைவியிடம் திரும்பி, ரொம்பத் தெளிவாக விளக்கினார்: "சாமி உடம்பச் சொல்றாரு."

அதற்கப்புறம் கணவர் வாயையே திறக்கவில்லை. அது இன்னும் மோசமாக வேலை செய்தது. மௌனசாமி என்று படிக்கட்டு முழுக்கப் பேச்சு பரவியது. மலைத் தீபத்தின் மையைப் பிரசாதமாகக் கொடுப்பார்கள் அல்லவா, அந்த ஞாபகத்தில் நெற்றிக்கு மை கேட்டார்கள். கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கொடுத்தால் போய்விடுவார்கள் என்ற ஒரே எண்ணத்தில் குழாயிலிருந்து கரியைச் சுரண்டிக் கொடுத்தார். பச்சையம்மா படிக்கட்டில் நின்றுகொண்டு, "வாங்கினவங்க நகருங்க, நகருங்க," என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்திருந்தார். அவரும் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

நான் கையை விரித்தபடியே நின்றேன். அறையிலிருந்து அடித்த காங்கையில் முதுகு வெந்தது. உள்ளறையிலிருந்து சத்தமே இல்லை. இத்தனை ஆரவாரத்தில் குழந்தை ஏன் அழவில்லை? நகர்ந்து போய்ப் பார்க்க வழியில்லை. நகர்ந்தால் ஜனம் உள்ளே வந்துவிடும். அந்தக் கால் மணி நேரம், ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்ற அதே ஆளாக மறுபடி ஆகிப்போனேன். எதிரில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எதுவும் பதியவில்லை.

வரிசையில் வந்தவர்

ஒரு அம்மா வந்தார். நனைந்த சால்வை, கையில் செருப்பு, முழங்கால்வரை சேறு. என் முன்னால் கற்பூரத்தை வைத்துவிட்டு, கண்ணை மூடி, கை கூப்பி, வாய்க்குள் ஏதோ வேண்டிக்கொண்டார். நான் வழக்கம்போல, "நகருங்கம்மா," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். குன்னூரிலிருந்து விடியற்காலை கிளம்பியவர். பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட, போனில் சார்ஜ் போய், வழி தெரியாமல் கூட்டத்தோடு நடந்து, புதுசாக ஒரு தீபம் என்று எல்லோரும் திரும்பிய தெருவில் அவரும் திரும்பியிருக்கிறார். மாடி கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வந்த வீடு. அவருக்கு அடையாளம் தெரியவில்லை. இதெல்லாம் பிறகு சொன்னது.

என் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். மௌனசாமியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். நேரே உள்ளறைக்குப் போனார். நானும் வாசலை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன். பச்சையம்மா என் இடத்தில் வந்து கையை விரித்துக்கொண்டார்.

உள்ளே ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சரண்யா முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். கட்டிலில் குழந்தை, குல்லா இல்லை, சாக்ஸ் இல்லை, சட்டை இல்லை, வெறும் அரைஞாண் கயிறோடு கை காலை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் ஒரு சொட்டு வியர்வை. நெஞ்சு ஏறியது, இறங்கியது.

சம்பந்தியம்மா அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தார். நான் வைப்பது போலவே. பிறகு முன்னறைக்கு வந்து, அடுப்புக் கதவை முந்தானையால் பிடித்துத் திறந்து, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கொட்டாங்குச்சியா?" என்றார்.

கணவர் அப்போதும் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

சம்பந்தியம்மா நனைந்த சால்வையை எடுத்து அடுப்பின் மேல் காயப் போட்டார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, கையை நெருப்புக்கு நேராக நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கல்யாணமான வருசம் நானும் இதத்தான் செஞ்சேன் சம்பந்தி. எங்களுக்கு ஃபயர் சர்வீஸ்தான் வந்துச்சு. உங்களுக்கு ஊரே வந்திருக்கு," என்றார். "புள்ள இங்கயே இருக்கட்டும். அந்த வாசல்ல நிக்கிற அம்மாவ உக்காரச் சொல்லுங்க, கை வலிக்கும்."